பயத்துக்குப் பிடித்துவைத்த இடம்

சிங்கப்பூருக்கு என்ன கொண்டுபோகிறீர்கள் என்று விமான நிலையத்தில் யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒளிக்காமல் சொல்லியிருப்பேன். பெட்டியில் ஒரு கறுப்புக் கோட்டு, தூத்துக்குடி மக்ரூன் நான்கு டப்பா. கைப்பையில் என் பயம். பயத்துக்குத் துணையாக ஒரு மாத்திரை அட்டை, சித்த வைத்தியர் மடித்துக்கொடுத்த சூரணம், மந்திரித்த எண்ணெய் ஒரு சின்னக் குப்பி, மூச்சை எப்படி இழுத்து எப்படி விட வேண்டும் என்று என் மனைவி சிவப்பு மையில் எழுதிக்கொடுத்த காகிதம். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. நான் மூச்சு விடுவதைக்கூடச் சிவப்பு மையில்தான் திருத்துவாள்.

இந்தப் பயணத்துக்கு எட்டு மாதம் முன் ஒரு செவ்வாய்க்கிழமை பல் பிடுங்கப் போயிருந்தேன். நாற்காலியைப் பின்னால் சாய்த்தார்கள். நெஞ்சு படபடத்தது, விரல்கள் மரத்தன, சுவர்கள் ஓரடி நெருங்கி வந்தன. நான் சாகிறேன் என்று நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் அறிவிக்கவும் செய்தேன். பல் டாக்டர் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது என்றார் பெரிய டாக்டர். எனக்கு அது லேசான அவமானமாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயதுவரை உரைநடைக் கவிதை எழுதிக்கொண்டிருப்பவனின் இதயத்தில் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை என்று எழுத்தில் கொடுத்தால் எப்படி இருக்கும்?

வந்தது பேனிக் அட்டாக் என்றார். தினம் ஒரு மாத்திரை, கூடவே பேசிப் பழக்கும் சிகிச்சை. மாத்திரை பிடிக்கச் சில வாரங்கள் ஆகும், நீங்களாக நிறுத்தக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். நான் ஒன்பதாம் நாள் நிறுத்தினேன். சொற்கள் வராமல் போய்விடுமோ என்று பயம். அதற்கு முந்தைய ஓராண்டில் நான் எழுதியது மொத்தமே இரண்டு பக்கம் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவனைத்தான் என் தங்கை ஸ்டெல்லா கல்யாணத்துக்கு அழைத்திருந்தாள். அவள் சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங் என்ற பகுதியில் இருக்கிறாள். அவள் மகள் ஜெசிந்தாவுக்குச் சனிக்கிழமை, அந்தப் பகுதிக் கிறிஸ்தவர்களின் பங்குக் கோயிலில் திருமணம். ஜெசிந்தாவின் அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. அவர் இடத்தில் நின்று, பெண்ணின் கையைப் பிடித்துக் கோயில் வாசலிலிருந்து பீடம்வரை கூட்டிப்போக வேண்டியது தாய்மாமனாகிய நான். இருபத்திரண்டு வரிசை பெஞ்சு. நடுவே ஒரே பாதை. இரண்டு பக்கமும் ஆட்கள், எல்லாருடைய கண்ணும் நம்மேல், பாதியில் திரும்பி ஓட வழியில்லை. உனக்குப் பிடித்த மாதிரி ஓர் இடத்தை நீயே கட்டிக்கொள் என்று பயத்திடம் செங்கலும் சிமெண்ட்டும் கொடுத்தால் அது இப்படித்தான் கட்டும்.

போனில் ஸ்டெல்லாவிடம் வந்துவிடுகிறேன் என்றேன். வியாதியைப் பற்றி மூச்சு விடவில்லை. போய்ச் சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை. கையில் ஆறு நாள் இருந்தது.

திங்கட்கிழமை காலை, எல்லாரும் வேலைக்குப் போனபின், ஊர் பார்க்கத் தனியாகக் கிளம்பினேன். அந்தப் பக்கத்தில் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே, பாலத்தின் மேல், பொம்மை ரயில் போல ஒன்று வளைந்து வளைந்து ஓடுகிறது. ஓட்டுநர் கிடையாது. எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் கதவு கிடையாது, இருந்தாலும் சாத்துவதில்லை. பயம் வந்தால் இறங்கிவிடலாம், வண்டி ஓடும்போதே கூட. இங்கே கதவு தானாக மூடுகிறது, வண்டி தானாகக் கிளம்புகிறது, யாரிடம் போய் ‘நிறுத்துப்பா’ என்பது?

ஜன்னலோரம் நின்று மனதுக்குப் பேச்சுக்கொடுத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். துணி காய்கிற கம்புகள், பூந்தொட்டிகள், ஒரு பால்கனியில் சைக்கிள். அடுத்த நொடியில் எல்லாம் வெள்ளை. ஜன்னலுக்கு வெளியே இருந்த சிங்கப்பூர் முழுவதும் பால் ஊற்றியது போல மறைந்துவிட்டது. கண் போய்விட்டது என்று முடிவு செய்தேன். முடிவு செய்த மாத்திரத்தில் நெஞ்சு படபடக்க, விரல் மரக்க, கால் தொய்ய, அடுத்த ஸ்டேஷனில் கதவு திறந்ததும் வெளியே வந்து பிளாட்பாரத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மலாய்ப் பெண் ஒருவர், பள்ளிப் பிள்ளையின் பையைத் தோளில் மாட்டியிருந்தவர், பக்கத்தில் குந்தி என்ன ஆயிற்று என்று ஆங்கிலத்தில் கேட்டார். கண் தெரியவில்லை என்றேன். “என்னைத் தெரிகிறதா?” என்றார். தெரிந்தது. பச்சை முக்காடு, அதில் சின்னச் சின்ன மீன்கள். “உங்கள் கண்ணுக்கு ஒன்றுமில்லை அங்கிள். கண்ணாடிதான் வெட்கப்படுகிறது” என்றார்.

விஷயம் இதுதான். வீடுகளை ஒட்டிப் போகும்போது, உள்ளே இருப்பவர்களைப் பயணிகள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று ரயிலின் கண்ணாடிகள் தாமாகவே மங்கிக்கொள்ளும். வீட்டைத் தாண்டியதும் தெளிந்துவிடும். எங்கள் ஊரில் பஸ்ஸிலிருந்து பார்த்தால் எந்த வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லிவிடலாம். இறங்கிப்போய் உப்புப் பார்க்கச் சொன்னாலும் சொல்வார்கள். ஒரு ஜன்னல் இவ்வளவு நாகரிகமாக நடந்துகொள்ளும் என்று நான் எப்படி எதிர்பார்ப்பேன்? அந்தப் பெண் என் போனை வாங்கி ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார். எட்டு மாத ரகசியம் அரை நிமிடத்தில் முடிந்தது.

ஸ்டெல்லா அழவில்லை, திட்டவில்லை. அவள் செய்தது அதைவிட ஆபத்தானது. பங்கில் இருக்கிற எல்லாருக்கும் செய்தி அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை மாலை ஜெபக்குழு வந்தது. ஆறு பெண்கள். என்னை நடுவில் நாற்காலியில் உட்காரவைத்து, தலையில் கை வைத்தார்கள்; ஆறு பேர், பன்னிரண்டு கை. ஒருவர் தமிழிலும் ஒருவர் ஆங்கிலத்திலும் ஒரே நேரத்தில் மன்றாடினார்கள். நடுவில் யாருடைய போனோ அடித்தது. ‘ஜெபத்துல இருக்கேன், கோழியை ஃப்ரிட்ஜிலேருந்து எடுத்து வெளிய வை’ என்ற உத்தரவும் மன்றாட்டோடு மேலே போனது. நெற்றிக்கு நேராக இருந்த கை, வெங்காயம் நறுக்கிவிட்டு நேராக வந்த கை. என் கண்ணில் நீர் வழிந்ததும் அருள் இறங்கிவிட்டது என்று குழு மகிழ்ந்தது. நான் மறுக்கவில்லை. அன்றைக்கு அடித்துப்போட்டது போலத் தூங்கினேன். வெங்காயமோ அருளோ, என் தலையை ஒருவர் தொட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

புதன்கிழமை ஸ்டெல்லா லீவு போட்டு என்னைக் குவீன்ஸ்டவுனுக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சீன வைத்தியர். அவளுடைய அலுவலகத் தோழியின் குடும்ப வைத்தியராம். ரயில் வேண்டாம் என்று டாக்சி பிடித்தோம். ஓட்டுநர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே பச்சை நிற மருந்தெண்ணெய் ஒன்றை எடுத்து நீட்டினார். மூக்கிலே தடவு, காதுக்குப் பின்னால் தடவு, வயிற்றிலே தடவு. அவருடைய மாமியார் தொண்ணூறு வயதுவரை இதில்தான் ஓடினாராம். போய்ச் சேரும்போது எனக்குப் பயம் தெரியவில்லை. எரிச்சல் மட்டும்தான் தெரிந்தது.

சீன வைத்தியர் மூன்று விரலை என் மணிக்கட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கைப் பார்த்து அவர் முகத்தில் வந்த சோகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. பிறகு ஐந்து நிமிடம் பேசினார். கை மேலே போனது, கீழே வந்தது, மலை போலவும் ஆறு போலவும் ஏதேதோ வரைந்தது. மொழிபெயர்க்க வந்திருந்த அந்தத் தோழி அதை ஆங்கிலத்தில் ஸ்டெல்லாவிடம் சொன்னார், ஒரு நிமிடம். ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள்.

“காத்து, அண்ணே. ரொம்ப யோசிக்காதீங்களாம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர்ச் சித்த வைத்தியரும் நாடி பிடித்துப் பார்த்து வாதம் ஏறியிருக்கிறது, அதாவது காற்று என்றுதான் சொன்னார். என் மனைவியின் சிவப்பு மையும் காற்றைப் பற்றித்தான். கடல் தாண்டி வந்தும் என் வியாதிக்குப் புதிய பெயர் கிடைக்கவில்லை. பழுப்புப் பொடிகளைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக்கொடுத்தார். ஒன்றைச் சுடுநீரில் கரைத்துக் குடித்தேன். அவ்வளவு கசப்புக்குப் பிறகு வேறு எதையும் பற்றி யோசிக்க முடியாது என்பது உண்மை.

வியாழக்கிழமை, நம்மாட்கள் கடைவீதியான தேக்காவுக்குத் தனியாகப் போனேன். கல்யாணத்துக்கு மல்லிகைச் சரம் சொல்லிவைக்க வேண்டும் என்று ஸ்டெல்லா அனுப்பினாள். உண்மையில் என்னை வீட்டை விட்டுக் கிளப்பவே அனுப்பினாள் என்று நினைக்கிறேன். பூக்கடையில் வேலை முடிந்தது. மாலைகள், காய்கறிக் கூடைகள், முருங்கைக்காய் கட்டுகள், தங்கம் விற்கும் கண்ணாடிக் கடைகள், எங்கிருந்தோ சாம்பிராணி. ஊரை எடுத்து அலசி, இஸ்திரி போட்டு, வரிசையில் நிற்கவைத்தது போல் இருந்தது. பசித்தது. ஒரே கூரையின் கீழ் சாப்பாட்டுக் கடைகள் நிறைந்த அங்காடி நிலையத்துக்குள் நுழைந்தேன்.

மத்தியானக் கூட்டம். நூறு கடை, நூறு ஆவி. தட்டுகளோடு ஆட்கள் என்னை உரசிக்கொண்டு போனார்கள். அப்போது அது வந்தது. எப்போதும் போலக் கழுத்துக்குப் பின்னாலிருந்து, பழகின விருந்தாளி செருப்பைக் கழற்றாமல் உள்ளே வருவது போல. நெற்றியில் வியர்வை ஊற்றியது. பக்கத்து மேசையில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலமும் இருந்தது. எவ்வளவு உபசாரமான ஊர், ஒவ்வொரு மேசைக்கும் முகம் துடைக்க வைத்திருக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோய், உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, முகம், கழுத்து, கை எல்லாம் துடைத்துத் தீர்த்தேன்.

தலைக்கு மேல் ஒரு குரல் கேட்டது.

“தம்பி, ஊர்லேருந்து இப்பத்தான் வந்தீங்களா?”

வெள்ளைத் தொப்பி, கத்தரித்த வெண்தாடி, கையில் பிரியாணித் தட்டு. அறுபத்தைந்து வயது இருக்கலாம். காதர் பாய் என்று பிறகு தெரிந்தது. நாகூர்ப் பக்கம், மூன்று தலைமுறையாக இங்கே. பக்கத்துச் சந்தில் அத்தர்க் கடை.

“நாப்பது வருஷமா இங்க சாப்பிடுறேன். என் டிஷ்யூவை எடுத்து மூஞ்சி துடைச்ச முதல் ஆளு நீங்கதான்” என்றார்.

இந்த ஊரில் சாப்பாடு வாங்க வரிசைக்குப் போகுமுன், மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனால் அந்த இடம் வைத்தவருடையது. ‘சோப்’ பண்ணுவது என்கிறார்கள். நம் ஊரில் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதுதான். ஒரே வித்தியாசம், நம் துண்டை எடுத்து எறிந்துவிட்டு உட்கார்கிறவர்களும் உண்டு, அதன்பின் நடக்கும் வாக்குவாதத்தில்தான் பயணம் சுவைக்கும். இங்கே அந்தப் பொட்டலத்தை யாரும் தொடமாட்டார்கள். பசியில் கண் இருட்டினாலும் தட்டை ஏந்திக்கொண்டு நிற்பார்களே தவிர.

எழுந்திருக்கப் பார்த்தேன். கால் ஒத்துழைக்கவில்லை. பாய் என் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“சாகப் போறமாதிரி இருக்கா?”

தலையை ஆட்டினேன்.

“இருக்கும். சாக மாட்டீங்க. நான் இதைச் சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள அது போயிடும், பாத்துக்கிட்டே இருங்க.”

அவர் சாப்பிட்டார். அவசரப்படவில்லை. கறியைப் பிய்த்தார், வெள்ளரிக்காய் ஊறுகாயைத் தள்ளிவைத்தார், எலும்பை ஒரு பக்கமாக அடுக்கினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தட்டு பாதி காலியானபோது என் நெஞ்சின் ஓட்டம் உச்சத்தில் இருந்தது. முக்கால் காலியானபோது விரல்களுக்கு உயிர் வந்தது. கடைசிக் கவளத்தின்போது எனக்குப் பசித்தது. பிரியாணியால் அளக்கப்பட்ட என் முதல் அட்டாக் அது.

பிறகு தன் கடைக்குக் கூட்டிப்போனார். கண்ணாடி அலமாரி முழுக்கச் சின்னச் சின்னக் குப்பிகள். மருக்கொழுந்து, சந்தனம், லாவண்டர், கருஞ்சீரக எண்ணெய். நரம்புத் தளர்ச்சிக்கு, தூக்கத்துக்கு, மனக்கவலைக்கு என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதி ஒட்டியிருந்தது. நான் நின்ற கால் மணி நேரத்தில் இரண்டு பேர் வந்து மனக்கவலைக் குப்பி கேட்டு வாங்கிப் போனார்கள். எனக்கும் ஒன்று எடுக்கட்டுமா என்று கேட்டேன். பாய் கல்லாப்பெட்டிக்குக் கீழே இருந்த இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு மாத்திரை அட்டை. என் கைப்பையில் கிடந்த அதே மருந்து.

பல வருடங்களுக்கு முன் அவருக்கு லிஃப்டில் வந்ததாம். யாரிடமும் சொல்லாமல் பன்னிரண்டாவது மாடிக்குத் தினமும் படியேறினார். வீட்டில், மனிதர் உடம்பைப் பார்த்துக்கொள்கிறார் என்று பெருமைப்பட்டார்கள். முழங்கால் தேய்ந்தபிறகுதான் டாக்டரிடம் போனார், அதுவும் முழங்காலுக்கு. அந்த டாக்டர் கேட்ட இரண்டு கேள்வியில் மற்றது வெளியே வந்துவிட்டது.

“அப்ப இந்த வாசனையெல்லாம் சும்மாவா பாய்?” என்றேன்.

“யாரு சொன்னா? மாத்திரை பயத்துக்கு. வாசனை எனக்கு. ரெண்டும் வேணும் லா.”

என் ஒன்பது நாள் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கியது தெரிந்தது. ஒன்பது நாளில் எந்தச் சொல் ஓடிப்போயிற்று என்று மட்டும் கேட்டார்.

திரும்பும் வழியில், அங்காடி நிலைய வாசலில் டிஷ்யூ விற்கும் ஒரு சீன மூதாட்டியிடம் பாய்க்குத் திருப்பிக்கொடுக்க ஒரு பொட்டலம் கேட்டேன். ஒன்றாகக் கொடுப்பதில்லை, மும்மூன்றாகக் கட்டியிருந்தது. இரண்டு கட்டு வாங்கினேன். கொண்டுபோய்க் கொடுத்தால், பாய் அவற்றைத் தொடவே இல்லை. “வச்சுக்குங்க தம்பி, உங்களுக்குத்தான் வேர்க்குது” என்றார். சனிக்கிழமைக்கு வரும்படி அழைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆங் மோ கியோ என்ற பகுதிக்குப் போனேன். அங்கே ஒரு மனநல ஆலோசகரிடம் ஜெசிந்தா எப்படியோ நேரம் வாங்கியிருந்தாள். தமிழ்ப் பெண், பார்த்தால் கல்லூரி மாணவி வயதுதான் இருக்கும். படுக்கவைத்துக் குழந்தைப் பருவத்தைக் கேட்பார் என்று எதிர்பார்த்து, இரண்டு நல்ல நினைவுகளை மெருகேற்றி வைத்திருந்தேன். அவர் கேட்டது, ஒரு நாளைக்கு எத்தனை கோப்பி. இங்கே வந்தபிறகு ஐந்து என்றேன். அந்தக் கெட்டிப்பாலும் கறுப்பும் கலந்த கோப்பியை விடுவது கஷ்டம். பாதி அட்டாக்கை நீங்களே காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறீர்கள் என்றார்.

பிறகு என்னைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றினார். உண்மையாகத்தான். ஒரு நிமிடம் சுற்றினார். அடுத்து ஒரு மெல்லிய உறிஞ்சுகுழாய் வழியாக மட்டும் மூச்சு விடச் சொன்னார். பிறகு நின்ற இடத்திலேயே ஓடச் சொன்னார். மூன்று கவிதைத் தொகுப்பு போட்ட மனிதன் ஓர் அறையின் நடுவில், வாயில் குழாயோடு, எங்கும் போகாமல் ஓடிக்கொண்டிருந்தேன். தலை சுற்றியது, நெஞ்சு அடித்தது, விரல் மரத்தது. எல்லாம் அதேதான், வரிக்கு வரி.

“இப்ப பயமா இருக்கா சார்?”

“இல்லை. நீங்கதானே சுத்தினீங்க.”

“அவ்வளவுதான். உடம்பு அதையேதான் செய்யுது. யாரு சுத்தினாங்கன்னு தெரியாதப்ப நீங்க சாவுன்னு பேரு வைக்கிறீங்க.”

பேர் வைப்பதுதான் என் தொழில் என்று சொல்ல நினைத்தேன். ஒரு நாளில் தன்னால் எதையும் சரிசெய்ய முடியாது, இதை ஊரில் வாரம் வாரம் செய்ய வேண்டும் என்றார். மாத்திரையை நாளைய நடைக்காக இன்று விழுங்கிப் பயனில்லை. அது அப்படி வேலை செய்யாது. ஊருக்குப் போய்ப் பழைய டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஜெபம், தைலம், அத்தர் எதுவும் தப்பில்லை. ஆனால் அந்தச் சூரணமும் சீனப் பொடியும் மாத்திரையோடு சேருமா என்று அவரைக் கேட்காமல் சாப்பிடாதீர்கள். இவ்வளவுதான் அவர் சொன்ன உபதேசம்.

தைரியமாகத்தான் இருந்தது, மாலை ஐந்து மணிவரை. ஐந்து மணிக்குக் கோயிலில் ஒத்திகை. பெஞ்சுகள் காலி. ஆர்கன் வாசிக்கிறவர் கூட வரவில்லை. ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். ஏழாவது வரிசையில் பீடம் பின்னால் போனது. நான் முன்னே நடக்க நடக்க அது பின்னே போனது. அவள் கையை விட்டேன். பக்கக் கதவு வழியாக வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். உள்ளே ஸ்டெல்லாவின் செருப்புச் சத்தம் அங்கும் இங்கும் நடந்தது.

ஜெசிந்தா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளைத் தனியாக நடக்கச் சொன்னேன். இந்தக் காலத்தில் அது தப்பே இல்லை, எத்தனையோ பெண்கள் நடக்கிறார்கள் என்றேன். கட்டடங்களில் தீப் பிடித்தால் மக்கள் எப்படி வெளியேறுவது என்று கணக்குப் போட்டு வரைபடம் போடுவது அவள் வேலை. கொஞ்ச நேரம் கோயில் கதவுகளை அந்தக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, நாப்பது மாடி பில்டிங்ல நடுவுல ஒரு ஃப்ளோர் காலியா விடுவோம். இறங்கி வர்றவங்க உக்காந்து ரெஸ்ட் எடுக்க. பாதிப் பேரு அங்க உக்காரவே மாட்டாங்க. இருக்குன்னு தெரிஞ்சா போதும், இறங்கிடுவாங்க.”

“அதுக்கு?”

“உங்களுக்கு நடுவுல உக்கார இடம் வேணும். அவ்வளவுதானே. சோப் பண்ணிட்டா போச்சு.”

என் தோள்பையைத் திறந்து அந்த ஆறு டிஷ்யூ பொட்டலத்தையும் எடுத்தாள். எல்லாரும் பார்ப்பார்களே என்றேன். பார்க்கத்தானே மாமா வர்றாங்க, சாப்பாடு அதுக்கப்புறம்தான் என்றாள்.

ஆலோசகரிடம் போனில் கேட்டோம். இது ஊன்றுகோல் என்றார் அவர். நாளைக்கு ஊன்றிக்கொள்ளுங்கள், ஊருக்குப் போய் ஒவ்வொரு பொட்டலமாகக் குறைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்.

சனிக்கிழமை காலை, யாரும் வருமுன், பாதையின் வலப்பக்க ஓர இருக்கைகளில் பொட்டலங்களை வைத்தாள் ஜெசிந்தா. வாசலிலிருந்து எண்ணி நான்கு, ஏழு, பத்து, பதின்மூன்று, பதினாறு, பத்தொன்பது. பிறகு அலங்காரத்துக்குப் போய்விட்டாள். யாரிடமும் விளக்கிச் சொல்லவில்லை. அதுதான் பிழை, இந்த ஊரில் மட்டும் நடக்கக்கூடிய பிழை.

கோயில் நிரம்பியது. பெஞ்சு நிரம்பி, பின்னால் நிற்க ஆரம்பித்தார்கள். எண்பது வயதுக்காரர்கள் நின்றார்கள். கைப்பிள்ளையோடு ஒரு பெண் நின்றாள். முன்னால் ஆறு ஓர இருக்கைகள், ராஜா வரப்போவது போல, டிஷ்யூ பொட்டலத்தோடு காலியாக இருந்தன. யாரும் தொடவில்லை. இடம் காட்டுகிற வார்டன், பெரிய மீசைக்காரர், யாராவது அந்தப் பக்கம் சாய்ந்தாலே ‘ஆளு வருது, ஆளு வருது’ என்று காவல் காத்தார். யார் வருகிறார்கள் என்று அவருக்கும் தெரியாது. பின் சுவரில் சாய்ந்து நின்ற காதர் பாய் அந்த இருக்கைகளைப் பார்த்தார், என் கோட்டைப் பார்த்தார், தாடியைத் தடவிக்கொண்டார்.

ஆர்கன் தொடங்கியது. ஜெசிந்தா பட்டுச்சேலை, வலை முக்காடு. அவள் கை என் கைக்குள் வந்தது. நடந்தோம்.

நான்காவது வரிசைப் பொட்டலத்தைப் பார்த்தேன், தாண்டினேன். ஐந்து. ஆறு. கழுத்துக்குப் பின்னால் விருந்தாளி வந்துவிட்டான். ஏழாவது வரிசையில் பொட்டலம் வெள்ளையாக, சின்னதாக, எனக்கென்று உட்கார்ந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு அங்கே நான் உட்கார்ந்தேன்.

பாட்டுக்குழு பல்லவியில் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் பல்லவியையே மறுபடி எடுத்தது. ஜெசிந்தா குனிந்து, பக்கத்தில் இருந்த அம்மாளிடம் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, முக்காட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என் அருகில் உட்கார்ந்தாள். கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. யாரோ நாற்காலியைச் சுற்றுகிறார்கள், அவ்வளவுதான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பொட்டலத்தைப் பிரித்து ஒரு தாளை உருவினேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கினாள். என் நெற்றியைத் துடைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தன் கண்ணைத் துடைத்தாள்.

“நல்லவேளை உக்காந்தீங்க மாமா” என்றாள் மெதுவாக. “என் காலும் நடுங்குது. அப்பா இருந்தா விறுவிறுன்னு நடந்திருப்பாரு. இவ்வளவு நேரம் கிடைச்சிருக்காது.”

அவள் அப்பா அப்படித்தான் நடப்பார். எங்கேயோ பஸ்ஸைத் தவறவிடப் போகிறவர் போல. அவரை நினைத்ததில் நான் என் நெஞ்சை எண்ண மறந்துபோனேன். அவர் எங்களுக்கு முன்னால், பன்னிரண்டாவது வரிசைக்கே போய்விட்டு, என்ன இன்னும் வரவில்லை என்று திரும்பிப் பார்ப்பது போல் இருந்தது. பல்லவி மூன்றாம் முறை வந்தது. விரல்கள் திரும்பி வந்தன. இரண்டாவது தாளை நான் எடுத்துக்கொண்டேன்.

“போலாமா?” என்றேன்.

எழுந்தோம். மீதிப் பொட்டலத்தை இருக்கையிலேயே வைத்துவிட்டு நடந்தேன். பத்தாவது வரிசையை நான் கவனிக்கவில்லை. பதின்மூன்றைக் கவனித்தேன், உட்காரவில்லை. அதற்குப் பிறகு பீடம் நகராமல் நின்றது.

விருந்தில் காதர் பாய் என் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்து, இன்று தன் பிரியாணிக்கு வேலையில்லாமல் போய்விட்டது என்றார். மீசைக்கார வார்டன் ஸ்டெல்லாவைத் தனியாக அழைத்து, நடுவில் உட்கார்ந்து எழுந்தது உங்கள் ஊர் வழக்கமா என்று கேட்டார். ரொம்ப உருக்கமாக இருந்ததாம், அவர் மனைவி அழுதுவிட்டாராம். என் தங்கை கண்ணைக்கூட இமைக்கவில்லை. ஆமாம், தூத்துக்குடிப் பக்கம் ஏழாவது வரிசையில் உட்கார்ந்து, விட்டுப்போன பெரியவர்களை நினைத்துவிட்டுத்தான் மேலே நடப்பார்கள் என்றாள்.

ஊர் திரும்பி டாக்டரிடம் போனேன். ஒன்பதாம் நாள் நிறுத்தியதை, பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது போலச் சொன்னேன். சூரணத்தையும் பொடியையும் மேசையில் வைத்தேன்; இரண்டையும் ஓரமாக ஒதுக்கினார். முதலிலிருந்து ஆரம்பித்து இப்போது பதினோராவது வாரம். திருநெல்வேலியில் ஓர் ஆலோசகர் வாரம் ஒரு தடவை என்னை நாற்காலியில் வைத்துச் சுற்றுகிறார். சொற்கள் எங்கும் ஓடவில்லை. முன்பு போலவே, கூப்பிட்டால் வராமல் கூப்பிடாதபோது வருகின்றன. சட்டைப்பையில் ஒரு டிஷ்யூ பொட்டலம் மட்டும் மிச்சம் இருக்கிறது. பல் இன்னும் பிடுங்கவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை.

போன வாரம் ஸ்டெல்லா பேசினாள். அவள் பங்கில் ஒரு குடும்பம், அடுத்த மாதம் பெண்ணுக்குக் கல்யாணம், வீடு தேடி வந்தார்களாம். எத்தனையாவது வரிசையில் உட்கார வேண்டும், வலப்பக்கமா இடப்பக்கமா, டிஷ்யூவைப் பெண் வீட்டார் வைப்பதா மாப்பிள்ளை வீட்டார் வைப்பதா என்று விவரமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்களாம். ஏழு, வலப்பக்கம், பெண் வீடு என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம். இனிமேல் மாற்ற முடியுமா?

எல்லாரும் லிஃப்டுக்குப் போனபிறகு பெண்ணின் அப்பா மட்டும் எதையோ மறந்தவர் போலத் திரும்பி வந்தாராம். கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவைதானா, பதினாலாவது வரிசையிலும் ஒரு தடவை உட்காரலாமா என்று மெதுவாகக் கேட்டாராம்.

“உக்காரலாம்னு சொல்லிட்டேன் அண்ணே” என்றாள் ஸ்டெல்லா.